சிலிண்டரைக் குடைந்த இயந்திரம்

ஜேம்ஸ் வாட் என்றதும் கெட்டில் மூடி குதித்த கதைதான் நம் நினைவுக்கு வரும். அவருடைய நீராவி இன்ஜினை ஓடவைத்தவர் இன்னொருவர். வேல்ஸ் நாட்டின் பெர்ஷாமில் இரும்பாலை நடத்திய ஜான் வில்கின்சன். 1775-ல் அவர் செய்த, சிலிண்டரைக் குடையும் போரிங் மெஷின் மட்டும் வராமல் இருந்திருந்தால், வாட்டின் இன்ஜின் இன்னும் பல வருடம் காகிதத்திலேயே கிடந்திருக்கும்.

வாட்டுக்கு யோசனை உதித்தது 1765-ல். நீராவியைச் சிலிண்டருக்குள்ளேயே குளிரவைக்காமல் தனியொரு கலத்தில் குளிரவைத்தால் நிலக்கரிச் செலவு வெகுவாகக் குறையும். 1769-ல் காப்புரிமையும் வாங்கிவிட்டார். ஆனால் இன்ஜின் சரியாக ஓட மறுத்தது. ஸ்காட்லாந்தின் கின்னீலில் அவர் நிறுவிய இன்ஜினின் சிலிண்டருக்கு 18 அங்குல விட்டம். வட்டம் சுத்தமாக இல்லை. பிஸ்டனைச் சுற்றி நீராவி கசிந்தது. வாட்டுக்கு முன்பிருந்த நியூகோமன் நீராவி இன்ஜினில் பிஸ்டன் மேல் தண்ணீர் நிறுத்தி இடுக்கை அடைத்துவிடுவார்கள். வாட்டின் சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்க வேண்டும் என்பதால் அந்த வழியும் இல்லை. தக்கை, எண்ணெய்த் துணி, சணல், பழைய தொப்பி, காகிதக் கூழ், குதிரைச் சாணம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் திணித்துப் பார்த்தார். கசிவு நிற்கவில்லை. இதைத் துல்லியமாகச் செய்யக் கருவியும் இல்லை, ஆளும் இல்லை என்பதே அன்றைய பெரிய பொறியாளர் ஜான் ஸ்மீட்டனின் தீர்ப்பு.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அன்றைய முறையில், குடையும் தண்டுக்கு ஒரு முனையில்தான் பிடிப்பு. மறுமுனையில் கட்டர். தண்டு தன் கனத்தாலேயே தொய்யும். வார்ப்பில் துளை கோணலாக விழுந்திருந்தால் கட்டரும் அந்தக் கோணலிலேயே போகும். வேலை முடிந்ததும் உள்பக்கம் வழுவழுவென்று இருக்கும், வட்டம் மட்டும் இருக்காது.

வில்கின்சன் பீரங்கி வார்த்துப் பழகியவர். கெட்டியாக வார்த்த பீரங்கியைத் துல்லியமாகக் குடைய 1774-ல் காப்புரிமை பெற்றிருந்தார். பீரங்கிக்கு ஒரு முனை அடைப்பு. சிலிண்டருக்கோ இரண்டு முனையும் திறப்பு. வில்கின்சன் பிடித்துக்கொண்டது இந்த வித்தியாசத்தைத்தான். கனமான தண்டு ஒன்றைச் சிலிண்டருக்குள் இந்தப் பக்கம் நுழைத்து அந்தப் பக்கம் வெளியே எடுத்து, இரு முனைகளையும் பேரிங்கில் தாங்கவைத்தார். சிலிண்டரை அசையாமல் கட்டிவைத்துவிட்டு, தண்ணீர்ச் சக்கரத்தால் தண்டைச் சுழற்றினார். கட்டர் தண்டின்மேலேயே மெல்ல நகர்ந்தபடி உலோகத்தைச் சீவிக்கொண்டு போனது. வார்ப்புத் துளை எப்படிக் கோணியிருந்தாலும் கட்டருக்குக் கவலையில்லை. அதன் பாதை தண்டின் பாதை.

வெட்டும் டூல் எந்த வழியில் போக வேண்டும் என்பதை மெஷினே தீர்மானிக்க வேண்டும். ஒரு பட்டறையின் அடிப்படை இதுதான் என்று நினைக்கிறேன். லேத்தில் கேரியேஜ் பெட்மேல் ஓடுவதும், ஷேப்பரில் ராம் முன்னும் பின்னும் போவதும், மில்லிங் மெஷினில் டேபிள் நகர்வதும் இதற்காகத்தான். லேத்தை இயக்கும் டர்னரின் கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும், பெட் தேய்ந்துவிட்டால் வேலையில் டேப்பர் விழுந்துவிடும், ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்துவிடும்.

பெர்ஷாமில் குடைந்த சிலிண்டர் 1775-ல் பர்மிங்ஹாம் போய்ச் சேர்ந்தது. மறுவருடமே, வில்கின்சனின் 50 அங்குலச் சிலிண்டரில் எந்த இடத்திலும் ஒரு பழைய ஷில்லிங் காசின் கனத்துக்கு மேல் பிழை இல்லை என்று வாட்டின் கூட்டாளி மாத்யூ போல்டன் எழுதினார். 1776-ல் வாட்டின் முதல் இரண்டு வணிக இன்ஜின்கள் ஓடத் தொடங்கின. ஒன்று நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைத்தது. மற்றொன்று வில்கின்சனின் சொந்த உலைக்கே காற்று ஊதியது. அதன்பின் ஏறக்குறைய 20 வருடம், போல்டன்–வாட் இன்ஜின்களுக்குப் பெரும்பாலும் அவருடைய சிலிண்டர்களே போயின.

1800 வாக்கில் ஹென்றி மாட்ஸ்லேயின் திருகு வெட்டும் லேத், 1817-ல் ரிச்சர்ட் ராபர்ட்ஸின் பிளேனர், 1836-ல் ஜேம்ஸ் நாஸ்மித்தின் ஷேப்பர் எனப் பட்டறையின் மற்ற இயந்திரங்களும் வரிசையாக வந்தன.

பாடப்புத்தகம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாட்டின் படம் போடும் பக்கத்தில் பெர்ஷாமின் போரிங் மெஷினுக்கும் நான்கு வரி ஒதுக்குங்கள். ஐடிஐயில் டர்னர் வேலை படிக்கும் பிள்ளைகள் தங்கள் தொழிலின் வரலாற்றை அங்கே படிக்கட்டும்.