அறுபட்ட பாடல் ஏடுகள்

பொன்னும் வண்ணமும் கொண்டு திருப்பலிப் பாடல்களின் முதலெழுத்துகளை ஒளிரச் செய்தவர், புளோரன்ஸ் நகரச் சாந்தா மரியா தெலி ஆஞ்செலி மடத்துத் துறவி சில்வெஸ்த்ரோ (1339–1399). எழுத்தின் வளைவுக்குள்ளேயே திருக்காட்சிகளைத் தீட்டினார். பாடல்களை எழுதியவர் துறவி யாக்கோப்போ. இருவரும் இறந்தபின் அவர்களுடைய வலக்கைகளைத் துறவிகள் பேழையில் வைத்துப் போற்றினர் என்கிறார், 16-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் வசாரி. தூரிகை பிடித்த கைக்கு இத்துணை வணக்கமா என நாம் வியக்கலாம். அக்கை செய்ததும் செபமன்றோ!

நெப்போலியன் காலத்தில் மடங்கள் மூடப்பட்டன. ஏடுகளிலிருந்து படங்கள் கத்தியால் அறுத்தெடுக்கப்பட்டு விலைபோயின. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உள்ள அருங்காட்சியகங்களில் அவற்றை இன்று காண்கிறோம். சிதைந்த நூல்களோ புளோரன்சின் லவுரென்சியா நூலகத்தில் கிடக்கின்றன. படத்தை அறுத்தவர்கள், அதன் மறுபக்கத்து இசைக்குறிகளையும் சொற்களையும் சேர்த்தே கொண்டுபோயினர். அவ்விடங்களில் பாடல் பாதியில் நிற்கிறது.