கிளுவை வேலிக்குள் ஒரு கொறங்காடு

காங்கயம், மூலனூர்ப் பக்கம் கொறங்காடு என்பது தரிசு அல்ல. வேலி கட்டி வளர்த்த மேய்ச்சல் நிலம். மழை குறைவு, மண் சரளை. உழவை நம்ப முடியாத இடத்தில் எங்கள் முன்னோர் புல்லை நம்பினார்கள். சுற்றிலும் முள்கிளுவை, உள்ளே வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப் புல். காலையில் படலைத் திறந்துவிட்டால் போதும், மாடும் ஆடும் தாமே மேயும். கோடையில் புல் காய்ந்தால் உதிரும் வெள்வேலங்காய் தீனி.

"ஒரே காட்டை மொட்டையடிக்காத கண்ணு, மாத்தி மாத்தி உடு" என்பார் எங்கள் அப்பாரு. மழைக்குப் பின் புல் தலையெடுக்கும்வரை படலைத் திறக்கவே மாட்டார்.

இந்தப் புல்லில் வளர்ந்ததுதான் காங்கயம் மாடு. பழையகோட்டைப் பட்டக்காரர் அதற்குப் பெயர் வாங்கித் தந்தார். 1936இல் வெளிவந்த லிட்டில்வுட்டின் தென்னிந்தியக் கால்நடை நூலிலும் அது இடம்பெற்றது. கிணற்றில் கவலை இறைக்கவும் வண்டி இழுக்கவும் காளை வேண்டியிருந்தது. மோட்டாரும் டிராக்டரும் வந்ததும் அந்த வேலை போயிற்று. பிறகு கொறங்காட்டை விற்க யாருக்கும் மனம் தடுக்கவில்லை. புல்லைக் காக்க நினைப்பவர்கள் முதலில் மாடு வளர்ப்பவருக்கு வருமானம் தேடித் தரட்டும்.