இழப்பிற்கும் ஈட்டிற்கும் இடையே

உதவியின் அளவைவிட அது வந்து சேரும் வேளையே பெரிது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. உழைத்த கை முடங்கிப்போன வீட்டில் இதனை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. விபத்து ஒரு நொடியில் நேர்ந்துவிடுகிறது. அதற்கான ஈடோ மாதக்கணக்கில் நடந்து வருகிறது. அதற்கிடையே அடுப்பு எரிய வேண்டும். கடைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்ல வேண்டும். கூர்ந்து நோக்கின், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்களின் வரலாறு இந்த இடைவெளியைக் குறைக்க மனிதர் செய்த முயற்சிகளின் வரலாறே ஆகும்.

எந்திரத் தொழில் முதலில் ஓங்கிய இங்கிலாந்தில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், காயமுற்ற தொழிலாளிக்கு வழக்கு மன்றம் ஒன்றே வழி. பிரீஸ்ட்லி என்னும் இறைச்சிக் கடைப் பணியாள், அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றிய வண்டி முறிந்ததால் தொடையெலும்பு முறிந்து கிடந்தான். ஜூரிமார் அவனுக்கு 100 பவுன் வழங்கினர். ஆனால் இலண்டன் நீதிபதிகள் 1837இல் அதனைத் தள்ளிவிட்டனர். வேலையை ஏற்றவன் அதன் ஆபத்தையும் ஏற்றவனே என்பது அவர்தம் எண்ணம். இத்தீர்ப்பின் வழிவந்த கோட்பாடு, உடன் வேலை செய்பவரின் பிழைக்கு முதலாளி பொறுப்பல்லர் என்று கூறிப் பல்லாண்டுகள் தொழிலாளரின் வழியை அடைத்து நின்றது.

இக்கதவை முதலில் திறந்தது ஜெர்மனி. பிஸ்மார்க் காலத்தில், 1884இல், விபத்துக் காப்புறுதிச் சட்டம் நிறைவேறியது. பிழை யாருடையது என்னும் நெடிய வாதத்தை அது நீக்கிற்று. முதலாளிமார் கூடி இட்ட நிதியிலிருந்து ஈடு கிடைத்தது. 1897இல் இங்கிலாந்தும் சட்டம் இயற்றியது. சில ஆபத்தான தொழில்களிலேனும், பணியின்போது காயம் நேர்ந்தது என்று காட்டினால் போதும் என்றாயிற்று. இந்தியாவில் 1923இல் இத்தகைய சட்டம் வந்தது.

மலாயாவில் 1952ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இந்த மரபில் பிறந்தது. விரலுக்கு இவ்வளவு, கண்ணுக்கு இவ்வளவு என அட்டவணை வகுத்து, முதலாளியே ஈடு தரவேண்டும் என்றது. தந்ததோ ஒரே முறை தரும் தொகை. வழக்கெழுந்தால் தொழிலாளர் ஆணையர் முன் செல்ல வேண்டும். கொடுக்க வேண்டியவரே மறுக்கவும் கூடியவராக இருந்தமையால், தாமதம் அவருக்கு ஆதாயமாயிற்று. காயமுற்றவனுக்கோ அது பட்டினியாயிற்று.

இக்குறையை நீக்கவே 1969ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1971இல் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் தோன்றியது. நம் மக்கள் நாவில் அது சொக்சோ. தொடக்கத்தில் மாதம் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத ஊதியம் பெற்றோரே இதில் அடங்கினர். விபத்துக் காப்புக்கு முதலாளி மட்டும் சந்தா செலுத்துகிறார். நோயால் உழைக்க இயலாமற் போவோரின் ஓய்வூதியத்திற்கு இருவரும் செலுத்துகின்றனர். தற்காலிக முடக்கத்திற்கு நாட்கூலியில் 80 விழுக்காடும், நிரந்தரமான முழு முடக்கத்திற்கு 90 விழுக்காடும் கணக்கிடப்படுகின்றன. நிலையான ஊனத்தை மருத்துவர் குழு அளவிடுகிறது. அதன் முடிவை ஏற்காதோர்க்கு மேல்முறையீட்டுக் குழுவும் உண்டு.

இனித் தாமதம் ஒழிந்தது என்று எண்ணலாம். ஒழியவில்லை, இடம் மாறிற்று. வழக்கு மன்றத்தில் இருந்த தாமதம் காகிதத்திற்குள் புகுந்துகொண்டது.

பயிற்சிக் கல்லூரியை விட்டு ஒரு தோட்டப் பள்ளியில் நான் பணியேற்ற புதிதில் நடந்தது இது. ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தந்தை, ரப்பர் ஆலையின் உருளை எந்திரத்தில் வலக்கை விரல்கள் நான்கை இழந்தார். அடையாள அட்டையில் அவர் பெயர் ஒரு விதமாகவும், செக்ரோலில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருந்தது. விபத்து நாளிலும் ஒரு நாள் வேறுபாடு. இவ்விரண்டையும் காரணம் காட்டிப் படிவம் தோட்ட அலுவலக மேசையிலேயே ஏழு மாதம் கிடந்தது. போய்க் கேட்கும்போதெல்லாம், "அடுத்த வாரம் வாங்க" என்பதே விடை. எழுதிக் கேட்கவோ அவருக்குக் கை இல்லை. ஒருநாள் அவர் என்னிடம் வந்து, "சார், நீங்க ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா?" என்றார். எழுதினேன், பெயரைத் திருத்தச் சத்தியப் பிரமாணம் ஒன்றும் செய்வித்தோம். ஈடும் நிலுவையுடன் வந்தது. ஆனால் அதற்குள் மனைவியின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போயிருந்தது. தாய் பால்வெட்டுக்குப் போனதால், புகுமுக வகுப்பிற்குச் செல்ல வேண்டிய அம்மாணவி தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிட்டாள். வந்த பணத்தால் தாலிக்கொடியை மீட்க முடிந்தது. அவள் படிப்பை மீட்க முடியவில்லை. அவர் முதல்முறை அலுவலகத்தில் காத்து நின்ற நாளிலேயே நான் அக்கடிதத்தை எழுதியிருக்கலாமே என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

விபத்து நேர்ந்த 48 மணி நேரத்திற்குள் முதலாளி அதனை அறிவிக்க வேண்டும் என்று விதி உண்டு. அவ்விதியை அறிந்த தொழிலாளி கேட்பான், அறியாதவன் காத்திருப்பான். 2019ஆம் ஆண்டு முதல் அந்நியத் தொழிலாளரும் சொக்சோவில் சேர்க்கப்பட்டுள்ளனர். நேற்று நம் பாட்டனார் நின்ற இடத்தில் இன்று மொழி அறியாத வேறொருவர் படிவத்தை ஏந்தி நிற்கிறார்.

ஈடு பெறுவது இரந்து பெறுவதன்று. அது உரிமை என்பதை நிலைநாட்ட உலகிற்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது. அவ்வுரிமை ஒரு பெயரின் எழுத்துப் பிழையால் மேசையில் முடங்கலாகாது. விபத்து நாளையும் நேரத்தையும் உடனே குறித்து வைத்தல், சாட்சியின் பெயரை எழுதிக்கொள்ளுதல், கொடுத்த படிவத்தின் நகலைப் பேணுதல் ஆகிய மூன்றையும் கட்டுரைப் பாடத்தோடு சேர்த்து நம் மாணவர்க்குக் கற்பிப்போம். ஒரு வீட்டில் ஒரு பிள்ளை இதனைக் கற்றுக்கொண்டாலும், அவ்வீட்டின் இன்னொரு பிள்ளை பள்ளியை விட்டு நிற்காமல் இருக்கக்கூடும்.