தரங்கம்பாடிப் போதகரின் உடலும் உள்ளமும்

பர்த்தலோமேயு சீகன்பால்கு 1719 பெப்ரவரி 23ஆம் நாள் தரங்கம்பாடியில் மரித்தபோது அவருக்கு வயது 36. இவ்விள மரணம் நமது பிரசங்க பீடங்களில் தியாகத்தின் முத்திரையாகவே பேசப்பட்டு வருகிறது. அது தவறன்று. ஆயினும் அவர் எதனால் நிலைநின்றார், எதனால் நலிவுற்றார் என்னும் வினாவை அப்புகழுரை மறைத்துவிடுகிறது.

அவர் வலிய சரீரத்தோடு இந்தியா வந்தவரல்லர். 1682இல் சாக்சனியிலுள்ள புல்ஸ்னிட்சில் பிறந்து இளமையிலேயே பெற்றோரை இழந்தவர்; ஹாலேயில் அவர் தொடங்கிய இறையியற் கல்வியும் நோயினால் தடைப்பட்டது. 1706 ஜூலை 9ஆம் நாள் புளூட்சோவுடன் கரையிறங்கிய இவரை டேனியத் தளபதியின் பகைமை எதிர்கொண்டது. 1708ஆம் ஆண்டின் இறுதியில் சிறைப்பட்டு, ஏறத்தாழ நான்கு மாதம் கோட்டைக்குள் இருந்தார்.

இவற்றினூடே அவர் தளராதிருந்ததற்கு அவருடைய நாளின் ஒழுங்கும் ஒரு காரணமென்று கருத இடமுண்டு. கடிதங்களில் அவரே அதனை விவரித்துள்ளார். காலையில் கற்ற தமிழ்ச் சொற்களை மீட்டுப் பார்ப்பார்; பின்பு புலவர் ஒருவரை அருகில் அமர்த்தி ஏடுகளை வாசிப்பார்; நண்பகல் உணவுக்குப்பின் சற்று ஓய்வு; பிற்பகலில் பிள்ளைகளுக்கு வினாவிடைப் போதனை; அதன்பின் மீண்டும் ஏடுகள். ஓய்வையும் அந்த அட்டவணையிலேயே அவர் வைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. தமிழ் இலக்கியம் அவருக்கு வெறுங் கருவியாக இருக்கவில்லை. அவருடைய உள்ளம் அதில் வளர்ந்தது. 1713இல் அவர் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாறு அவ்வளர்ச்சியின் கனியாகும். ஆனால் ஹாலேயின் பிராங்கே, மிஷனெரிகள் அனுப்பப்பட்டது புறச்சமயத்தை அழிப்பதற்கேயன்றி ஐரோப்பாவில் பரப்புவதற்கன்று என்னும் கருத்தினராய் அதனை அச்சிட மறுத்தார். அந்நூல் 1867இல்தான் வெளிவந்தது. போதகரின் அறிவு வளர்ச்சி, அவரை ஆதரித்தவர்களின் கண்ணில் ஊழியமாகத் தோன்றவில்லை!

தாயகம் சென்று மணமுடித்து 1716இல் மனைவியுடன் திரும்பிய பின்னரே பெருஞ்சோதனை வந்தது. 1714இல் கோபன்ஹேகனில் நிறுவப்பெற்ற மிஷன் சங்கத்தின் செயலாளர் கிறிஸ்தியான் வெண்ட் வேறொரு கொள்கையினர். ஆலயம், பள்ளி, அச்சகம் என்று ஓரிடத்தில் வேரூன்றுவதை அவர் ஏற்கவில்லை. அப்போஸ்தலரைப் போல எளிமையாய் ஊர் ஊராகச் சென்று பிரசங்கிப்பதே போதுமென்றார். வெயிலையும் மொழியையும் அறியாத ஒருவர் மேசையிலிருந்து எழுதிய கண்டனக் கடிதங்கள், பல மாதம் கடலைக் கடந்து, நோயுற்றிருந்தவர் கைக்கு வந்து சேர்ந்தன. பதிலுரைத்து மறுமொழி பெறுவதற்கோ ஓராண்டுக்கு மேலாகும். பட்டினியையும் சிறையையும் தாங்கியவரை மேலதிகாரிகளின் அவநம்பிக்கையே வாட்டியது என்பது மிகையாகாது. உடல்நோய் முன்பே இருந்தது. மனத்துயர் அதற்குத் துணைசெய்தது.

1718 அக்டோபர் 11இல் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. நான்கு மாதம் கழிந்து அதனைக் கட்டியவரே அதற்குள் அடக்கம் பண்ணப்பட்டார். பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு ரூத்தின் புத்தகத்தோடு நின்றது. உடன் ஊழியரான கிரண்ட்லர், தாமும் நலிந்தவராய், பொறுப்பு முழுவதையும் ஏற்றார். சங்கத்தின் கண்டிப்பு அவரையும் விடவில்லை. 1720 மார்ச்சில் அவரும் இறந்து, அதே ஆலயத்தில் தம் தோழருடன் அடக்கம் பெற்றார்.