சங்கிலி நூலகம்

சங்கிலி நூலகம் என்பது நூல்கள் களவு போகாதிருக்க அவற்றை இரும்புச் சங்கிலியால் அலமாரியுடனோ மேசையுடனோ பிணைத்து வைத்த நூலகம் ஆகும். ஐரோப்பாவில் மத்திய காலத்தின் பிற்பகுதி முதல் 18ஆம் நூற்றாண்டு வரை இம்முறை வழக்கில் இருந்தது. கையெழுத்து நூல்கள் அக்காலத்தில் மிகுந்த விலையுடையனவாக இருந்தமையே இதற்குக் காரணம்.

சங்கிலியின் ஒரு முனை அட்டையின் விளிம்பிலும் மறுமுனை அலமாரிக் கம்பியிலும் கோக்கப்பட்டிருக்கும். ஆகவே நூல்கள், இன்று போலன்றி, முதுகுப்புறம் உள்நோக்கி இருக்குமாறு அடுக்கப்பட்டன. நூலை அங்கேயுள்ள சாய்மேசையில் வைத்துப் படிக்கலாம். வீட்டிற்கு எடுத்துச் செல்ல இயலாது.

சங்கிலி வாசிப்புக்குத் தடையாகத் தோன்றினும், பெட்டியில் பூட்டப்பட்டிருந்த நூலைப் பலர் அணுகச் செய்ததும் அதுவே. இங்கிலாந்தின் கிரான்தம் நகரில் 1598இல் நிறுவப்பட்ட சங்கிலி நூலகம் குருமாருக்கு மட்டுமன்றி ஊராருக்கும் உரியதாக இருந்தது.

உண்மையான தடை வேறிடத்திலிருந்து வந்தது. 1538இல் எட்டாம் ஹென்றியின் அரசு ஒவ்வொரு தேவாலயத்திலும் ஆங்கில விவிலியம் வைக்க ஆணையிட்டது. பல இடங்களில் அது சங்கிலியால் பிணைக்கப்பட்டது. ஆனால் 1543ஆம் ஆண்டுச் சட்டம், கைவினைஞர், தொழில் பழகுநர், உழவர், கூலியாட்கள் ஆகியோரும் உயர்குடியினர் அல்லாத பெண்களும் அதனைப் படிக்கலாகாது என விலக்கியது. நூல் எதிரிலேயே இருந்தது. படிக்கும் உரிமைதான் இல்லை. இச்சட்டம் 1547இல் நீக்கப்பட்டது.

சீ. இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகள் என்னும் நூலில், 'நூல்கள் பயன்பாட்டிற்கே' என்ற முதல் விதியை விளக்கச் சங்கிலியிட்ட நூல்களையே எடுத்துக்காட்டினார்.

இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டு பேராலயம், நெதர்லாந்தின் சுட்பென், இத்தாலியின் செசேனா ஆகிய இடங்களில் சங்கிலி நூலகங்களை இன்றும் காணலாம்.