இறக்கை முளைச்ச ரெண்டு கார்

'பேக் டு த ஃபியூச்சர்' பார்த்தவங்களுக்கு டிலோரியனைத் தெரியும். எவர்சில்வர் உடம்பு, பருந்து மாதிரி மேல தூக்குற கதவு. 1981-ல வந்த அந்தக் காருக்கு ஏழு வருஷம் முன்னாடியே கனடாவுல ஒரு இறக்கைக் கார் ஓடியிருக்கு மக்களே. பேரு பிரிக்லின் எஸ்.வி-1.

ரெண்டுக்கும் ஜாதகம் ஒண்ணுதான். அமெரிக்க முதலாளி, வேலையில்லாத் திண்டாட்டம் உள்ள ஊரு, அரசாங்கப் பணம். மால்கம் பிரிக்லினுக்கு நியூ பிரன்ஸ்விக் மாகாணம், ஜான் டிலோரியனுக்கு வட அயர்லாந்து. முதல்வர் ரிச்சர்ட் ஹாட்ஃபீல்ட் 1974 தேர்தல் பிரச்சாரத்துக்கே பிரிக்லின்லதான் போனார்!

சரி, ஓட்டத்துக்கு எது? 1974 பிரிக்லின்ல ஏ.எம்.சி-யோட 5.9 லிட்டர் வி8, 220 குதிரைசக்தி. அடுத்த வருஷம் ஃபோர்டு எஞ்சின் வந்து 175 ஆச்சு. டிலோரியனுக்கு வெறும் 130. அறுபது மைலைத் தொட சுமார் பத்து செகண்ட். பார்க்கத்தான் ராக்கெட்.

பராமரிப்புல கதை தலைகீழ். பிரிக்லின் கதவு ஒண்ணு 40 கிலோ. ஹைட்ராலிக் பம்பு வச்சுத் தூக்கணும், ஆடி அசைஞ்சு வரும். பேட்டரி செத்தா கதவும் செத்துது. டொராண்டோ ஜனவரில யோசிச்சுப் பாருங்க! அதனால பலரும் காத்தழுத்தத்துக்கு மாத்திட்டாங்க. டிலோரியன்ல பம்பே கிடையாது. நிலாவுல இறங்கின கலத்தைச் செஞ்ச கிரம்மன் கம்பெனி, திரவ நைட்ரஜன்ல குளிர வச்சு முறுக்கின இரும்புத்தண்டுதான் பாரத்தைத் தாங்குது. கையால தூக்கிடலாம்.

எஞ்சின் சாமான் பிரிக்லினுக்குச் சுலபம், ஊரெல்லாம் ஓடின வி8 தானே. அக்ரிலிக் உடம்புதான் தொல்லை, வெடிப்பு விடும். ரெண்டு காருக்கும் மேல துரு பிடிக்காது, ஆனா அடிச்சட்டம் இரும்பு. இந்த ஊர்ல பனிக்கு ரோட்டுல கொட்டுற உப்பு அங்கதான் வேலையைக் காட்டும்.

என் தீர்ப்பு: ஓட்ட பிரிக்லின், வச்சுக் காப்பாத்த டிலோரியன்.

மூவாயிரம் வண்டிகூடத் தேறாம 1975-ல பிரிக்லின் மூடிச்சு. ஏழு லட்சம் பேர்கூட இல்லாத மாகாணத்துக்கு இரண்டு கோடி டாலருக்கு மேல நஷ்டம். டிலோரியன் சுமார் ஒன்பதாயிரம் செஞ்சுட்டு 1982-ல படுத்துச்சு. தோத்த பிரிக்லினுக்கு கனடா 1996-ல தபால்தலையும் 2003-ல வெள்ளிக்காசும் போட்டுது. வரி கட்டினவங்களுக்கு அந்தக் காசாவது மிஞ்சிச்சு!