எவர் மூச்சு இயல்பு?

'எண்ணுக்கு ஏதுங்க நிறம்?' என்று கேட்பவர்கள் ஸ்பைரோமீட்டரின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கட்டும்.

மூச்சின் கொள்ளளவைக் காட்டும் இக்கருவி பற்றி ஜான் ஹட்சின்சன் 1846இல் லண்டனில் எழுதினார். இரண்டாயிரத்துக்கும் அதிகமானோரை ஊதச் சொல்லி, உயரம் கூடக்கூட அளவும் கூடுவதைக் கண்டார். திரும்பத் திரும்ப ஊதினாலும் ஏறக்குறைய அதே எண். நம்பகமான கருவிதான்.

அமெரிக்கத் தெற்கில் கதை திரும்பியது. அடிமை முறையை ஆதரித்த மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், கறுப்பரின் நுரையீரல் 20 சதவீதம் குறைபட்டது என்றார். கட்டாய உழைப்பே அதற்கு மருந்து என்றார். உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களை அளந்து பெஞ்சமின் கோல்ட் 1869இல் வெளியிட்ட புள்ளிவிவரத் தொகுப்பு, இந்த வித்தியாசத்துக்கு விஞ்ஞான முத்திரை குத்தியது. அடிமை வாழ்வின் பட்டினியும் நோயும் கணக்கில் ஏறவேயில்லை.

20ஆம் நூற்றாண்டில் 'இனத் திருத்தம்' கருவிக்குள்ளேயே குடியேறியது. கறுப்பருக்கு 10 முதல் 15 சதவீதம், ஆசியருக்கு 4 முதல் 6 சதவீதம் கழித்துக்கொள். ஆக, வெள்ளையரிடம் நோய் எனப்படும் அதே மூச்சு கறுப்பரிடம் 'இயல்பு'. 1999இல் பால்டிமோரில் ஆஸ்பெஸ்டாஸ் வழக்கில் சிக்கிய நிறுவனமொன்று, நஷ்டஈடு கேட்கும் கறுப்பர்கள் இன்னும் மோசமான மூச்சைக் காட்டியாக வேண்டும் என்று வாதாடியது.

இனம் பாராத சமன்பாட்டை அமெரிக்க மார்பு நோயியல் சங்கம் பரிந்துரைத்தது 2023இல்தான்.

ஒரே பதிலைத் திரும்பச் சொல்வது வேறு, சரியான பதிலைச் சொல்வது வேறு. கருவியைச் சோதித்தவர்கள், அது யாரை அளவுகோலாக வைத்திருக்கிறது என்று மட்டும் கேட்காமலே இருந்துவிட்டார்கள்.